கடலூருக்கு ஒரு சுதந்திர நாள், புதுச்சேரிக்கு மூன்று

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் வருபவருக்கு முள்ளோடை தாண்டியதும் மாநிலம் மாறிவிட்டது தெரிந்துவிடும். எதிரே வரும் வண்டிகளில் டி.என். 31 குறைந்து பி.ஒய். 01 கூடும். பெட்ரோல் பங்குகளும் மதுக்கடைகளும் நெருங்கி நெருங்கி வரும். ஆகஸ்ட் 15 அன்று இந்தக் கோட்டுக்கு இருபுறமும் ஒரே கொடி, ஒரே மிட்டாய். மறுநாள் 16ஆம் தேதி கடலூரில் வழக்கமான வேலை நாள், புதுச்சேரியில் அரசு விடுமுறை. கீழூர் நினைவிடத்தில் இன்னொரு கொடியேற்று விழா நடக்கும். அதோடும் முடியவில்லை. நவம்பர் 1 விடுதலை நாள் என்று கடற்கரைச் சாலையில் மீண்டும் அணிவகுப்பு உண்டு.

1947 ஆகஸ்ட் 15, 1954 நவம்பர் 1, 1962 ஆகஸ்ட் 16. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் இந்த மூன்றையும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் ஒவ்வொரு தேதியிலும் என்ன கைமாறியது, அதற்கு முன் யாரிடம் சம்மதம் கேட்டார்கள் என்று பார்த்தால்தான் இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபட்டவை என்பது தெரியும். புதுச்சேரியின் கதையில் விடுதலை என்பது பெரும்பாலும் இந்தக் கேள்விதான்: கேட்டார்களா, யாரைக் கேட்டார்கள், பதில் சொல்லாதவர் என்ன ஆனார்?

கேட்காமலே ஆளப்பட்டதற்குக் கடலூரே நல்ல சான்று. 1690இல் ஆங்கிலக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. சுற்றியுள்ள நிலமும் விலையில் அடக்கம்; எவ்வளவு நிலம் என்பதைக் கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு விழும் தொலைவை வைத்து முடிவு செய்தார்கள். குண்டு எட்டிய ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் நிலைத்தது. அந்த ஊர்க்காரர்களுக்குத் தங்கள் ஆட்சியாளர் யார் என்பதை ஒரு குண்டுதான் சொல்லியிருக்கிறது. செயின்ட் டேவிட் கோட்டை என்று கம்பெனி பெயர் வைத்த அந்த இடம், 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்துக்கொண்டபோது சில ஆண்டுகள் சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடமாகவும் இருந்தது. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைப் பிடித்தார். இந்தக் கைமாற்றங்களில் மஞ்சக்குப்பத்துக்காரரையோ திருப்பாதிரிப்புலியூர்க்காரரையோ யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

1947இலும் நேரடியாகக் கேட்டுவிடவில்லை. இந்திய விடுதலைச் சட்டம் லண்டன் நாடாளுமன்றத்தில் நிறைவேறி அந்த ஆண்டு ஜூலை 18இல் ஒப்புதல் பெற்றது. இந்தியத் தரப்பில் பேசியவர்கள் சொத்து, வரி, படிப்பு பார்த்துக் கொடுத்த வாக்குரிமையின் மேல் நின்ற மாகாண சபைகளிலிருந்து வந்தவர்கள். கடலூரில் வயது வந்த எல்லாருக்கும் வாக்கு என்பது 1951–52 பொதுத் தேர்தலில்தான் வந்தது. இதைச் சொல்வது விடுதலையைக் குறைத்துப் பேசுவதற்காக அல்ல. 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கிய ஆங்கிலத் தளபதி நீலின் சிலையை அகற்றக் கோரி 1927இல் சென்னையில் நடந்த போராட்டத்துக்குச் சிறுமியான மகளையும் அழைத்துக்கொண்டு போய்ச் சிறைப்பட்ட கடலூர் அஞ்சலையம்மாளைப் போன்றவர்கள், வாக்குச்சீட்டு இல்லாத காலத்தில் உடம்பாலேயே பதில் சொன்னவர்கள். ஆனால் அது தாங்களாகச் சொன்ன பதில். கேட்டு வாங்கிய பதில் இல்லை.

வாக்கு இருந்த ஊர்

கோட்டுக்கு அந்தப் பக்கம் நிலைமை தலைகீழ். பிரான்சின் மூன்றாம் குடியரசு 1871இல் பிரெஞ்சிந்திய ஆண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு ஓர் உறுப்பினர், மேலவைக்கு ஒருவர். 1880இல் கொம்யூன்கள் என்ற உள்ளாட்சி அமைப்புகள் பிறந்தன; பாகூர், வில்லியனூர், உழவர்கரை என்று ஊருக்கு ஊர் மேயரும் சபையும். இன்றும் புதுச்சேரியில் ‘கொம்யூன் பஞ்சாயத்து’ என்று பலகை தொங்குவது அந்த ஏற்பாட்டின் மிச்சம். கடலூரில் பண்ணையாருக்கே வாக்கில்லாத காலத்தில் பாகூரில் கூலிக்காரருக்கு வாக்கு இருந்தது.

வாக்கு இருந்ததே தவிர அதன் எடை எல்லாருக்கும் ஒன்றாக இல்லை. ஐரோப்பியருக்கும் அவர்களின் வழிவந்தவருக்கும் ஒரு பட்டியல், உள்ளூர்க்காரருக்கு வேறொரு பட்டியல். நூற்றுக்கணக்கானோர் கொண்ட முதல் பட்டியலும், பல்லாயிரம் பேர் கொண்ட அடுத்த பட்டியலும் சபையில் ஏறத்தாழச் சமமான பலம் பெறும்படி இடங்களைப் பங்கிட்டார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகுதான் எல்லாரும் ஒரே பட்டியலில் வந்தார்கள். அதுவரை தேர்தல் என்றால் அடிதடி, பெட்டி மாற்றம், செத்தவர் பெயரில் வாக்கு. உள்ளூர் அரசியல் தலைவர் சண்முக வேலாயுத முதலியாரின் பிடி பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளில் அவ்வளவு இறுகியிருந்தது. ஆளுநர்கள் வருவார்கள் போவார்கள், அவர் இருப்பார். வாக்குரிமை இருந்தும் விடுதலை இல்லாமல் போக முடியும் என்பதைப் பார்க்க வேறெங்கும் போக வேண்டியதில்லை.

அந்தக் காலத்தில் நடந்த ஒரு வழக்கு செருப்பைப் பற்றியது. பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் 1873இல் ஐரோப்பிய முறைக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் வந்தார். உள்ளூர்க்காரர் வெறுங்காலோடோ உள்ளூர்ச் செருப்போடோதான் வர வேண்டும் என்று நீதிபதி தடுத்தார். வழக்கு பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை போய் அவர் பக்கம் தீர்ந்தது. அந்த வெற்றியிலிருந்து அவர் எடுத்த முடிவு விசித்திரமானது, தர்க்கமானதும்கூட: சட்டத்தின் முன் சமமாக வேண்டுமானால் நம் சாதிச் சட்டத்தை நாமே விட்டுவிட வேண்டும். 1881 செப்டம்பர் 21 ஆணை அதற்கு வழி திறந்தது. எந்தச் சாதி, எந்த மதத்தைச் சேர்ந்தவரும் அதிகாரி முன் கையெழுத்திட்டுத் தன் பாரம்பரியத் தனிநபர் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின் கீழ் வரலாம். ஒரு குடும்பப் பெயரை எடுத்துக்கொள்ள வேண்டும். அவருடைய வயது வராத பிள்ளைகளுக்கும் அது பொருந்தும். துறந்தால் துறந்ததுதான், திரும்ப முடியாது. பொன்னுத்தம்பி ‘லப்போர்த்’ ஆனார். இப்படித் துறந்தவர்களுக்கு ரெனோன்சான்கள் என்று பெயர். இந்த விஷயம் பழங்கதையாகிப் போய்விடவில்லை. கீழே மறுபடியும் வரும்.

பிரெஞ்சு எல்லை வேறொரு வகை விடுதலையும் தந்தது, ஒளிந்துகொள்ளும் விடுதலை. 1908இல் பாரதி வந்தார், 1910இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும். ஆங்கிலப் போலீஸ் ஒற்றர்கள் தெருமுனையில் நிற்கலாம், கைவைக்க முடியாது. அந்தப் பாதுகாப்பின் அகலம் எவ்வளவு என்பது 1918 நவம்பர் 20இல் தெரிந்தது. பாரதி எல்லை தாண்டிக் கடலூர்ப் பக்கம் வந்ததும் கைதானார். சில வாரம் கடலூர்ச் சிறையில் இருந்துவிட்டு நிபந்தனைகளோடுதான் வெளியே வந்தார்.

ஆலைத் தொழிலாளிக்கு அந்த எல்லை எந்தப் பாதுகாப்பும் தரவில்லை. 1936 ஜூலை 30இல் புதுச்சேரிப் பஞ்சாலைத் தொழிலாளர் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் செத்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா முன்னின்ற அந்தப் போராட்டத்தின் கேள்வி கொடியைப் பற்றியது அல்ல, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்பது. பாரிஸில் அப்போது இடதுசாரிக் கட்சிகள் சேர்ந்த மக்கள் முன்னணி ஆட்சி. 1937 ஏப்ரலில் எட்டு மணி நேர வேலை புதுச்சேரியில் சட்டமாயிற்று, ஆங்கிலேய இந்தியாவில் அது வருவதற்கு முன்பே. ஜூலை 30 இன்றும் தியாகிகள் நாளாக அனுசரிக்கப்படுகிறது. ஆகஸ்ட் விழாக்களின் வெளிச்சம் அதன் மேல் அதிகம் படுவதில்லை.

கீழூரில் 178 பேர்

1947க்குப் பிறகு பிரான்ஸ் ஏன் ஏழு ஆண்டு இழுத்தடித்தது? கௌரவம், வியட்நாம் போர் என்று பல காரணம் சொல்வார்கள், எல்லாம் உண்மை. ஆனால் சட்டக் காரணம் ஒன்று உண்டு, அதைத் தெரிந்துகொள்ளாமல் கீழூர் புரியாது. பிரான்சின் 1946 அரசியலமைப்பின் 27ஆம் உறுப்பு, சம்பந்தப்பட்ட மக்களின் சம்மதம் இல்லாமல் எந்த நிலப்பகுதியையும் விட்டுக்கொடுப்பது செல்லாது என்றது. ஆகவே 1948 ஜூனில் இரு நாடுகளும் வாக்கெடுப்புக்கு ஒப்புக்கொண்டன. வங்காளத்தில் இருந்த பிரெஞ்சுப் பகுதியான சந்திரநாகூரில் அது அப்படியே நடந்தது: 1949 ஜூன் 19இல் மக்கள் நேரடியாக வாக்களித்தார்கள், இந்தியாவோடு சேருவதற்கு எதிராக விழுந்தவை 114 மட்டுமே. அடுத்த ஆண்டே நிர்வாகம் கைமாறியது.

புதுச்சேரியில் நடக்கவில்லை. 1948 அக்டோபர் நகரசபைத் தேர்தலில் பிரான்ஸ் ஆதரவுத் தலைவர் எதுவார் குபேரின் கட்சி பெருவெற்றி பெற்றது. முறைகேடு என்று எதிர்க்கட்சிகள் குமுறின, தில்லி நம்பிக்கை இழந்தது. பிரெஞ்சு அதிகாரிகளும் உள்ளூர்ப் பெரும்புள்ளிகளும் நடத்தும் வாக்கெடுப்பில் நியாயம் கிடைக்காது என்பது இந்தியத் தரப்பின் வாதம். அந்தக் கவலை பொய்யில்லை. மேலே சொன்ன தேர்தல் வரலாற்றைப் பார்த்தவர்கள் யாரும் அதைத் தள்ளிவிட மாட்டார்கள்.

பேச்சு நின்றதும் எல்லை இறுகியது. 1941 முதல் இருந்த சுங்க ஒப்பந்தத்தை 1949 ஏப்ரலில் இந்தியா முடித்துக்கொண்டது. இதன் விளைவைப் புரிந்துகொள்ள வரைபடம் வேண்டும். புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டாக இல்லை. பழைய நவாபுகள் கொடுத்த கிராமங்கள் என்பதால் சிதறிய துண்டுகள், நடுவே தென்னாற்காட்டின் ஊர்கள். பாகூரிலிருந்து புதுச்சேரிச் சந்தைக்கு நெல் கொண்டுபோகிறவர் வழியில் இந்தியாவுக்குள் நுழைந்து வெளியேற வேண்டிய நிலை வரும். அதுவரை யாருக்கும் தோன்றாத கோட்டில் சோதனைச் சாவடியும் முள்வேலியும் வந்தன. கைக்கடிகாரம், தங்கம், வைரம் கடத்துகிறவர்கள் கொழித்தார்கள். 1954இல் தடைகள் இன்னும் கடுமையாயின. பெட்ரோல் தட்டுப்பாடு வரை போனது.

அந்த ஆண்டு மார்ச்சில் குபேர் பக்கம் மாறினார். நேற்றுவரை பிரான்சின் தூணாக இருந்தவர் மாறியதற்குக் கொள்கைதான் காரணம் என்று நம்புவது கடினம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவர். முதலியார்பேட்டை உள்ளிட்ட கொம்யூன் சபைகள் பொது வாக்கெடுப்பே வேண்டாம், நேராக இணைத்துவிடுங்கள் என்று தீர்மானம் போட்டன. மார்ச் 31இல் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏறியது. ஜூனில் ஏனாம், ஜூலையில் மாஹே கைவிட்டுப் போயின. மே மாதத்தில் வியட்நாமில் பிரெஞ்சுப் படைத்தளமான தியன் பியன் பூ வீழ்ந்திருந்தது. பாரிஸில் மெந்தெஸ் பிரான்ஸ் பிரதமராகப் பதவியேற்று, சுமைகளை இறக்கிவைக்கத் தொடங்கியிருந்தார்.

ஆனால் 27ஆம் உறுப்பு அப்படியே இருந்தது. மக்கள் சம்மதம் என்று காட்ட ஏதாவது வேண்டும். இரு தரப்பும் கண்டுபிடித்த நடுவழி, மக்களைக் கேட்காமல் மக்கள் தேர்ந்தெடுத்தவர்களைக் கேட்பது. 1954 அக்டோபர் 18இல் வில்லியனூர்ப் பக்கம் உள்ள கீழூரில், புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் சட்டசபை உறுப்பினரும் நகரசபை உறுப்பினருமாக 178 பேர் கூடி வாக்களித்தார்கள். சேர்வதற்கு 170, எதிர்த்து 8. அக்டோபர் 21இல் தில்லியில் ஒப்பந்தம், நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாற்றம், கேவல் சிங் தலைமை ஆணையர்.

அந்த 170இல் பலர், முறைகேடு என்று தில்லியே குறை சொன்ன அரசியல் ஏற்பாட்டின் வழியே சபைக்கு வந்தவர்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். பொது வாக்கெடுப்பு நடந்திருந்தாலும் முடிவு இதுவாகத்தான் இருந்திருக்கும் என்பதே நியாயமான கணிப்பு. மொழி, உறவு, சந்தை எல்லாம் கோட்டுக்கு இருபுறமும் ஒன்று. ஆனாலும் 1954இல் புதுச்சேரியின் சாதாரணக் குடிமகனிடம் யாரும் நேராக வந்து கேட்கவில்லை.

ஆறு மாதம், ஒரு கையெழுத்து

நவம்பர் 1இல் கைமாறியது நிர்வாகம் மட்டுமே. மண் சட்டப்படி பிரான்சுடையதாகவே இருந்தது. மண்ணைக் கொடுக்கும் ஒப்பந்தம் 1956 மே 28இல் கையெழுத்தாகி, பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்குக் காத்துக் கிடந்தது. அல்ஜீரியா எரிந்துகொண்டிருந்த நேரத்தில் இன்னொரு நிலத்தை விடுவதற்குக் கைதூக்க அங்கே யாரும் தயாராக இல்லை. 1962இல் அல்ஜீரியா விடுதலையான பிறகு ஒப்புதல் வந்தது. ஆகஸ்ட் 16இல் ஆவணங்கள் பரிமாறப்பட்டன.

இடைப்பட்ட ஏழே முக்கால் ஆண்டில் புதுச்சேரிக்காரர் என்னவாக இருந்தார்? ஆள்வது இந்தியா, குடியுரிமை பிரான்ஸ். 1957இலும் 1962 தொடக்கத்திலும் கடலூர்க்காரர் மக்களவைக்கு வாக்களித்தார். புதுச்சேரிக்குத் தொகுதியே கிடையாது. 14ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1962 டிசம்பரில்தான் அதைக் கொடுத்தது. தன்னை ஆளும் நாட்டின் நாடாளுமன்றத்தில் குரலில்லாமல் இரண்டு பொதுத் தேர்தல் கழிந்தது.

ஆகஸ்ட் 16ஐ மூன்று தேதிகளில் மிக முக்கியமானது என்று சொல்லலாம். விழாவில் அதுதான் மிகச் சிறியது என்பது வேறு விஷயம். அந்த நாளோடுதான் தனித்தனி மனிதரிடம் கேள்வி வந்தது. ஒப்பந்தம் மக்களை இரண்டு அளவுகோலால் பிரித்தது: பிறந்த இடம், அன்று குடியிருந்த இடம்.

பிரெஞ்சுப் பகுதிகளில் பிறந்து அங்கேயோ இந்தியாவின் வேறு பகுதியிலோ வாழ்ந்தவர் இந்தியர் ஆவார். பிரெஞ்சுக்காரராகவே இருக்க வேண்டுமானால் ஆறு மாதத்துக்குள், அதாவது 1963 பிப்ரவரி நடுவுக்குள், எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அங்கே பிறந்து அன்று இந்தியாவுக்கு வெளியே சைகோனிலோ பாரிஸிலோ இருந்தவருக்கு நேர்மாறு: சும்மா இருந்தால் பிரெஞ்சுக்காரர், இந்தியராக வேண்டுமானால் அவர்தான் எழுதித்தர வேண்டும். ஆக இரு தரப்பிலும் மௌனமும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளப்பட்டது. பெரும்பாலோர் எந்த அலுவலகத்துக்கும் போகவில்லை. சில ஆயிரம் பேர் மட்டும் கையெழுத்திட்டார்கள்.

கோளாறு எல்லாம் நுணுக்கத்தில் வந்தது. அப்பா கையெழுத்திட்டால் பதினெட்டு வயது நிறையாத, மணமாகாத பிள்ளைகள் அவரோடு பிரெஞ்சுக்காரராயினர். பத்தொன்பது வயது மகன் தனியாகப் போய்ப் போட வேண்டும். போகாவிட்டால் ஒரே வீட்டில் தம்பி பிரெஞ்சுக்காரர், அண்ணன் இந்தியர். பிரெஞ்சுப் படையில் சேவை செய்து வெளிநாட்டில் இருந்த ‘சொல்தா’வின் குடியுரிமைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஊரில் இருந்த அவர் உடன்பிறந்தவர் இந்தியர் ஆனார்.

எல்லாவற்றிலும் வினோதமானது தலைப்பிரசவம். புதுச்சேரியில் வாழ்க்கைப்பட்ட பெண்ணின் தாய்வீடு கடலூர்ப் பக்கம் என்றால் முதல் குழந்தை அங்கேதான் பிறக்கும். அப்படிப் பிறந்து வளர்ந்து 1962க்குள் வயதுவந்த ஒருவர் பிரெஞ்சுப் பகுதியில் பிறந்தவர் என்ற வரையறைக்குள் வரவில்லை. ஒப்பந்தத்தின் குடியுரிமை உறுப்புகள் அவரைத் தொடவே இல்லை. அவர் எதுவும் எழுதித்தராமலே பிரெஞ்சுக்காரராக நீடித்திருக்கக் கூடும் என்ற வாதம் பின்னாளில் பிரெஞ்சு நீதிமன்றங்களுக்குப் போனது. பத்து மைல் தள்ளிப் பிறந்ததால் இரண்டு தலைமுறைக்குப் பிறகு பேரன் விசாவுக்கு நிற்பதா வேண்டாமா என்பது மாறுகிறது.

இன்று பழைய காகிதத்தைத் தூசுதட்டிக் குடியுரிமைச் சான்று கேட்பவர்கள் சிக்கும் இடங்கள் தெரிந்தவைதான். தாத்தாவின் விருப்ப உறுதிமொழியின் நகல் இருக்காது. பெயர் எழுத்து பொருந்தாது: பிரெஞ்சுப் பதிவேட்டில் ‘ஊ’ ஒலிக்கு இரண்டு எழுத்து (ou), ‘ஜ’வுக்கு முன்னால் ஒரு ‘தெ’ (d); இந்தியப் பள்ளிச் சான்றிதழில் ஆங்கில முறை. தாத்தாவும் பேரனும் காகிதத்தில் வேறு குடும்பமாகத் தெரிவார்கள். தாமதமாகப் பதிந்த பிறப்பைச் சந்தேகிப்பார்கள். இவற்றுக்கு மேல் பிரெஞ்சுச் சட்டத்தில் ஐம்பதாண்டு விதி ஒன்று உண்டு. குடியுரிமை எந்த முன்னோர் வழியாக வந்ததோ அவர்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் வெளிநாட்டிலேயே இருந்து, கேட்பவரோ அவருக்கு அதைக் கடத்த வேண்டிய பெற்றோரோ பிரெஞ்சுக்காரராக நடந்துகொண்ட தடயம் இல்லை என்றால், வம்சத்தைக் காட்டி நிரூபிக்க முடியாது. 1962ஓடு ஐம்பதைக் கூட்டினால் 2012. அதற்குப் பிறகு புதிதாகக் கதவைத் தட்டுபவர்களிடம் தரகர்கள் இதைச் சொல்வதில்லை.

குடியுரிமை பிரிந்ததுபோலவே சட்டமும் பிரிந்தே நிற்கிறது. மேலே சொன்ன ரெனோன்சான்களின் வழிவந்தவர்களில் இந்தியக் குடிமக்கள் உண்டு. 1963க்குப் பிறகு இந்தியச் சட்டங்களைப் புதுச்சேரிக்கு நீட்டியபோது, இந்து திருமணச் சட்டம், இந்து வாரிசுரிமைச் சட்டம் போன்றவை ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது என்று விலக்கு எழுதப்பட்டது. அவர்களுக்குப் பழைய பிரெஞ்சுக் குடிமைச் சட்டம்தான், பிரான்சே பிறகு மாற்றிக்கொண்ட பகுதிகளிலும் பழையபடியே. நடைமுறையில் இது உரைப்பது வீட்டுச் சொத்தில். அந்தச் சட்டப்படி மகனும் மகளும் சமம். உயில் எழுதினாலும் முழுச் சொத்தையும் விருப்பப்படி கொடுத்துவிட முடியாது: ஒரு பிள்ளை என்றால் பாதி, இரண்டு என்றால் மூன்றில் இரண்டு பங்கு, மூன்றும் அதற்கு மேலும் என்றால் நான்கில் மூன்று பங்கு பிள்ளைகளுக்கென்று ஒதுங்கிவிடும். மீதியைத்தான் உயிலில் எழுதலாம். மூத்தவனுக்கே எல்லாம் என்று எழுதிய உயிலை நம்பி வீடு வாங்குபவர், விற்பவரின் கொள்ளுத்தாத்தா துறப்புப் பத்திரம் எழுதியவரா என்று பார்க்காவிட்டால் பின்னால் தங்கைகள் வழக்கோடு வருவார்கள்.

இதில் ஒரு நகைமுரண். கடலூரில் இந்துக் குடும்பத்து மகளுக்குப் பூர்வீகக் கூட்டுச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்குரிமை 1989 தமிழ்நாட்டுத் திருத்தத்தால் வந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் ரெனோன்சான் குடும்பத்து மகளுக்கு அது காலனி ஆட்சியிலேயே இருந்தது, அவளுடைய பாட்டனார் கையெழுத்திட்டிருந்தால். அவரும் அவளைக் கேட்டுக் கையெழுத்திடவில்லை.

கொடியை ஏற்றுபவர் யார்

ஆகஸ்ட் 15இல் புதுச்சேரிக் கடற்கரையில் முதலமைச்சர் கொடியேற்றுகிறார், ஜனவரி 26இல் துணைநிலை ஆளுநர். மாநிலங்களிலும் அப்படித்தான். ஆனால் மற்ற நாட்களில் யார் கை மேலே என்பதில் புதுச்சேரி வேறு. 1963 யூனியன் பிரதேச ஆட்சிச் சட்டப்படி ஜூலை 1இல் சட்டப்பேரவை வந்தது. குபேரே முதல் முதலமைச்சர். மக்கள் தேர்ந்தெடுப்பவர் 30 பேர், மத்திய அரசு நியமிக்கக்கூடியவர் 3 பேர் வரை. அமைச்சரவைக்கும் துணைநிலை ஆளுநருக்கும் கருத்து வேறுபட்டால் விஷயம் குடியரசுத் தலைவருக்கு, அதாவது நடைமுறையில் மத்திய அரசுக்குப் போகும்.

அந்த மூன்று நியமன இடங்களுக்கு புதுச்சேரி அரசைக் கலக்காமலே மத்திய அரசு ஆள்போடலாம் என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்களுக்கு நம்பிக்கை வாக்கெடுப்பிலும் வாக்கு உண்டு. அவர்களையும் சேர்த்து 33 பேர் அவையில் மூன்று என்பது பதினொன்றில் ஒன்று. 2021 பிப்ரவரியில் முதலமைச்சர் நாராயணசாமியின் அரசு பெரும்பான்மை இழந்து விழுந்தபோது நியமன உறுப்பினர் வாக்கைப் பற்றித்தான் அவையில் சண்டை. அன்றாட நிர்வாகத்தில் துணைநிலை ஆளுநர் தலையிட முடியாது என்று 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி சொன்னார். மறு ஆண்டு இரு நீதிபதி அமர்வு அதை ரத்து செய்தது.

மாநிலத் தகுதி கேட்டுப் புதுச்சேரிப் பேரவை பல முறை தீர்மானம் போட்டுவிட்டது. எதிர்த்திசையிலும் ஒரு முறை முயன்றார்கள். புதுச்சேரியைத் தமிழ்நாட்டோடு சேர்த்துவிடலாம் என்று பிரதமர் மொரார்ஜி தேசாய் பேசப்போய் 1979 ஜனவரியில் ஊரே கொதித்தது, கடையடைப்பு, துப்பாக்கிச் சூடு வரை. அப்போது போராடியவர்கள் பிரெஞ்சு மோகத்தில் போராடியதாகச் சிலர் எழுதினார்கள். பேச்சு, சாப்பாடு, கல்யாண உறவு எல்லாம் கடலூரோடு ஒன்றாக இருப்பவர்களிடம் அந்தக் குற்றச்சாட்டு ஒட்டாது. அவர்களைக் கேட்காமல் பேசியதுதான் கோபம்.

அந்தக் கோபத்துக்கு எழுத்திலேயே ஆதாரம் உண்டு. 1956 ஒப்பந்தத்தின் 2ஆம் உறுப்பு, 1954 நவம்பர் 1க்கு முன்பிருந்த தனி நிர்வாகத் தகுதி தொடரும் என்றும், அதில் அரசியலமைப்பு ரீதியான மாற்றம் செய்வதானால் மக்கள் விருப்பத்தை அறிந்த பிறகே செய்யலாம் என்றும் சொல்கிறது. எப்படி அறிவது என்று சொல்லவில்லை. நாடுகளுக்கிடையேயான ஒப்பந்தம் தானாகவே இந்திய நீதிமன்றத்தில் சட்டமாகிவிடாது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்திய அரசியலமைப்பின் 3ஆம் உறுப்போ, ஒரு மாநிலத்தின் எல்லையையோ பெயரையோ மாற்றும் மசோதாவை முதலில் அந்த மாநிலச் சட்டமன்றத்தின் கருத்துக்கு அனுப்ப வேண்டும் என்கிறது. அதே உறுப்பின் விளக்கக் குறிப்பு, இந்தக் குறிப்பிட்ட கட்டாயத்துக்கு மட்டும் ‘மாநிலம்’ என்பதில் யூனியன் பிரதேசம் அடங்காது என்று விலக்கிவைத்திருக்கிறது. கடலூர் மாவட்டத்து எல்லையில் ஒரு கிராமத்தை இந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கம் தள்ளினாலும் சென்னைச் சட்டமன்றத்தைக் கேட்டாக வேண்டும். புதுச்சேரிப் பேரவையைக் கேட்க வேண்டியதில்லை.